நங்கையின் இடது பக்கம்

"இந்தக் கை யாருதுன்னு கேட்டுக் குடுத்துரு அம்மணி. யாரோ மறந்துபோட்டுப் போயிட்டாங்க."

நங்கை இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக நல்ல காலை வெயில் வந்து படுக்கையில் விழுந்திருந்தது. தன் இடது கையை வலது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, பஸ் சீட்டில் எவரோ விட்டுப்போன குடையை எடுத்து நீட்டுவதுபோல என்னிடம் நீட்டினார். முழங்கைக்குக் கீழே, வடைச்சட்டி எண்ணெய் தெறித்து வெளுத்துப்போன தழும்பு அப்படியே இருந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பதை அவரே எனக்குப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையை வாங்கிக்கொண்டேன். தூங்கும் குழந்தையின் கைபோலச் சூடாக, கனமாக இருந்தது. "சரிங்க நங்கை, கேட்டுக் குடுத்தர்றேனுங்க" என்றேன். அவர் நிம்மதியாகத் தலையசைத்துவிட்டு வலப்பக்கத்துச் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். பெண்கள் யாரையும் செல்லமாக அம்மணி என்பதும் அங்கே வழக்கம். என் அண்ணனுக்குப் பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அதற்குப் பின்தெருவில், கல்லூரிப் பெண்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களும் தங்கும் விடுதி ஒன்றை நங்கை நடத்தினார். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவர். நகரத்துக்கு வந்த பிறகும் தன் குரலைத் தோப்புக்குத் தேவையான அளவிலேயே வைத்திருந்தார். காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று "எந்திரிங்க அம்மணிகளா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் மேல் மாடி வரைக்கும் கதவுகள் திறக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால் நங்கைக்குப் பிடிக்காது. "மாடி பூராவும் புள்ளைங்க. எவளுக்குப் பரீட்சை, எவளுக்குக் காய்ச்சல்னு எனக்குத்தான தெரியும்" என்பார். நான் பக்கத்திலிருந்த ஒரு கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டை விடுதியிலேயே முடித்துக்கொள்வேன். அண்ணனைவிட நங்கையிடம்தான் எனக்குப் பேச்சு அதிகம். பேச்சை நிறுத்துவார்கள் என்றே நாம் எண்ணிப் பார்த்திராத மனிதர்கள் சிலர் உண்டல்லவா, அவர் அப்படி.

அன்றைக்குக் காலையில் மாடிப்படிக்குக் கீழிருந்து சத்தம் வரவில்லை. பெண்கள் தாங்களாகவே எழுந்து இறங்கி வந்தபோது நங்கை சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். தலையின் வலது பாதியில் மட்டும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இடது பாதி தலையணையில் கலைந்தது கலைந்தபடியே நின்றது. பவுடர் வலது கன்னத்தில் மட்டும் இருந்தது. ரவிக்கையில் வலது கையை நுழைத்திருந்தார், இன்னொரு கை வெளியே தொங்கியது. அதன்மேல் சேலையை எப்படியோ சுற்றியிருந்தார். இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். நங்கை அவ்வப்போது இப்படி ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறவர்தான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தின் ஒரு பாதியில் தொடங்கி மூக்கோடு நின்றுவிட்டதைப் பார்த்த பிறகுதான் ஒரு பெண் அலறிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். ஒரு கால் செத்துப்போன நிலையில் அவர் தன் அறையிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் துடிப்பு முறைதவறி, உள்ளே உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப்போய் மூளையின் வலப்பக்கத்துப் பெரிய குழாயை அடைத்திருந்தது. தூக்கத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்றார்கள். எப்போது நடந்தது என்று தெரியாததாலும், வலப்பக்கத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததாலும், கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட முடியாது, குழாய்க்குள் கம்பிவிட்டு எடுப்பதிலும் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கவாதக்காரர்களுக்கென்று இருந்த தனி வார்டில், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் படுக்க வைத்தார்கள். கூட ஒருவர் இருக்கலாம் என்றதும் நான் இருந்துகொண்டேன்.

மறுநாள் காலைதான் நங்கை அந்தக் கையை என்னிடம் கொடுத்தது. அதற்குள் அவருக்குப் பேச்சு நன்றாகவே திரும்பியிருந்தது. கொஞ்சம் குழறல், அவ்வளவுதான். வலி எதுவும் இல்லை. தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதையே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கறேன். பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார். இடது காலைத் தூக்குங்கள் என்று நர்ஸ் கேட்டபோது "இதோ தூக்கிட்டனே" என்றார். கால் அசையவேயில்லை. பொய் சொல்கிற முகமல்ல அது. தூக்கிவிட்டதாகவே அவர் நம்பினார். ஒரு பாதி உடம்பும் அந்தப் பாதியின் பக்கத்து உலகமும் அவரைப் பொறுத்தவரை இல்லாமல் போயிருந்தன. இருந்து போனதுகூட இல்லை, இருந்ததே இல்லை என்பதுபோல.

அண்ணன் வந்து கட்டிலின் இடப்பக்கத்தில் நின்று, "அம்மணி, இங்க பாரு, நான் வந்திருக்கறேன்" என்றார். நங்கை வலப்பக்கம் இருந்த என்னைப் பார்த்தே, "உங்கண்ணன் கூப்புடற மாதிரி இருக்குதே, எங்க அவிய?" என்று கேட்டார். அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். கை நீட்டினால் தொடும் தூரம்தான். நங்கையின் கண்கள் கூரையைத் துழாவின, கதவைத் துழாவின. பிறகு சலித்துப்போய், "வெளிய நிக்கறாங்களாட்ட இருக்குது, உள்ள வரச்சொல்லு" என்றார். அண்ணன் மெதுவாகக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். அவர் முகத்தில் எதையோ மிதித்துவிட்ட பயம் இருந்தது. நங்கை மலர்ந்துபோய், "எப்பங்க வந்தீங்க? சாப்புட்டீங்களா?" என்றார். அண்ணன் பதில் சொல்லிவிட்டு வெளியே போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

செய்தித்தாள் கேட்டார். கொடுத்தேன். வீட்டில் படிப்பதுபோலவே உரக்கப் படித்தார். "மீண்டும் உயர்வு" என்று ஒரு தலைப்பைப் படித்தார். "நீர் திறப்பு" என்றார். "தேடும் போலீசார்" என்றார். ஒவ்வொரு வரியிலும் வலது பாதிதான் அவருக்கு இருந்தது. அதில் எந்தக் குறையும் அவருக்குத் தெரியவில்லை. "யாரைத் தேடறாங்களாம் நங்கை?" என்று கேட்டேன். "அதான் போட்டிருக்குதே அம்மணி, தேடறாங்கன்னு" என்றார். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னார். நான் செய்தித்தாளை மெதுவாக வாங்கி மடித்து வைத்தேன்.

இருந்தாலும் ஒறம்பரையாகப் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு நிம்மதிதான். நல்லாப் பேசறாங்க, ஆளை அடையாளம் தெரியுது, கையும் காலும் மருந்திலே சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த நிம்மதி எங்களையும் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் நரம்பியல் டாக்டரம்மா அண்ணனையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் முழுக்க, மேகம் மூடியதுபோல இருந்தது.

"நல்லாப் பேசறாங்கன்னு தைரியமா இருந்துடாதீங்க. ரத்தம் கெடைக்காத மூளை இனிமேதான் வீங்கும். நாளைக்கு, அடுத்த நாள்னு வீங்கிட்டே போகும். கை வீங்குனா தோல் எடம் குடுக்கும். மண்டையோடு எடம் குடுக்காதுங்க. வயசானவங்களுக்கு மூளை சுருங்கி உள்ள கொஞ்சம் காலி எடம் இருக்கும். இவங்களுக்கு அதுவும் இல்லை."

"நாங்க எதைப் பாக்கணுங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"தூக்கத்தைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. "நர்ஸுங்க கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டேதான் இருப்பாங்க. ஆனா இவங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். பேச்சு கொறைஞ்சா சொல்லுங்க. கூப்பிட்டதும் முழிக்காம ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டி வந்தா சொல்லுங்க. சும்மா சும்மா கொட்டாவி விட்டா, தலை வலிக்குதுன்னா, வாந்தி எடுத்தா, மூச்சு வேற மாதிரி ஓடுனா சொல்லுங்க. அசந்து தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்னு மட்டும் நெனைச்சுடாதீங்க. அவங்க ரொம்ப அமைதியா இருக்கற நேரந்தான் நான் பயப்படற நேரம்."

நாங்கள் திரும்பி வந்தபோது நங்கை கூரையைப் பார்த்து யாரிடமோ மளிகைச் சாமான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனித்தது.

மதியத்துக்கு மேல் அவர் கொட்டாவி விட்டார். முதலில் நான் எதுவும் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாருக்குத்தான் கொட்டாவி வராது? ஆனால் அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவை சாதாரணக் கொட்டாவிகளைப்போல இல்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறந்து, திறந்தபடியே நின்று, பிறகு யாரோ விசையை விட்டதுபோல மூடிக்கொள்ளும். ஒவ்வொரு கொட்டாவிக்குப் பிறகும் அவர் முகம் கொஞ்சம் மிருதுவாகிக்கொண்டே வந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்னச் சுருக்கம், எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்று யோசிக்கும் சுருக்கம், எங்கேயோ போய்விட்டது. இருபது வயதுப் பெண்போல அழகாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து உடுமலைப்பேட்டையிலிருந்து நங்கையின் பெரியம்மா வந்திருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே, "காத்தாலயிருந்து ஓயாம பேசுச்சாம். இப்பத்தான் ஒடம்பு தூக்கம் கேக்குது. தூங்கட்டும், தூங்குனா பாதி சீக்குப் போயிரும்" என்றார். நான் "நங்கை" என்று கூப்பிட்டேன். கண் திறந்து "ம்" என்றார். "கை யாருதுன்னு கேட்டுக் குடுக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றேன். "எந்தக் கை?" என்றுகூடக் கேட்கவில்லை. மூடிக்கொண்டார். காலையில் அந்தக் கையைத் தனதில்லை என்று அவர் சொன்னபோது பயந்த நான், இப்போது அதை ஒருமுறை மறுத்துச் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். இந்தமுறை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். "எதுக்கு இப்புடி நொய்யி நொய்யின்னு எழுப்பற? பாவமில்லையா அது?" பாவமாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் எழுப்ப மனம் வராது. வெளியே வராந்தாவில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் மட்டும், மிக மென்மையான ஏதோ ஒன்று எங்கள் எல்லோரையும் சும்மா இருக்கும்படி கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. நங்கையின் கண்கள் திறக்காமலே உதடுகள் அசைந்தன. குனிந்து கேட்டேன். "வலது பக்கம் நோகுது. உள்ள யாரோ எடம் பத்தாம தள்றாங்க" என்றார். அடுத்த கணம் வாந்தி எடுத்தார்.

நான் நர்ஸிடம் ஓடினேன். இளம்பெண்தான். ஆனால் நான் ஓடிவந்த வேகத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது. தலையை ஒருக்களித்துத் துடைத்துவிட்டு, பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். தோளைத் தட்டினாள். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். "கண்ணு பாப்பா ரெண்டும் சமமாத்தான் இருக்கு, ஆனா ஆள் டல்லாயிட்டாங்க" என்று போனில் சொன்னாள். டாக்டரம்மா வந்தார். வீக்கத்தை இழுக்கும் மருந்தை ஏற்றச் சொன்னார். கட்டிலோடு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெரியம்மா நங்கை படுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பக் கொண்டுவந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கட்டிலை இடத்தில் நிறுத்தும் குலுக்கலில் நங்கையின் கண்கள் தாமாகவே அரைவாசி திறந்தன. நான் அவரை நேராகப் பார்த்தேன். இடது கண்ணின் பாப்பா கடுகுபோலச் சிறியதாக இருந்தது. வலது கண்ணில் பாப்பா விரிந்து, பழுப்பு நிறத்தையெல்லாம் தின்றுவிட்டுக் கறுப்பாக நின்றது. இரண்டு வெவ்வேறு பேர் ஒரே முகத்துக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அதில் ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததேயில்லை.

டாக்டரம்மாவும் அறுவை செய்யும் டாக்டரும் அண்ணனிடம் நின்றபடியே பேசினார்கள். வீங்கிய மூளை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்தை நெருக்குகிறது, இனி மருந்து தாங்காது, மண்டையோட்டின் வலப்பக்கத்து எலும்பைப் பெரிதாக வெட்டி எடுத்து மூளைக்கு வெளிப்பக்கம் இடம் கொடுக்க வேண்டும், உடனே செய்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். அதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார்கள். போன கையும் காலும் இதனால் திரும்பாது. பிழைத்தால் பாதி உடம்போடு பிழைப்பார்.

அண்ணன் என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார். "எந்திரிச்சு வந்து, எதுக்கு என்னை இப்புடிப் பண்ணி வெச்சீங்கன்னு கேட்டான்னா நான் என்னத்தச் சொல்றது? மூணு மாடி ஏறி எறங்குனவ அவ. ஒருத்தர்கிட்டத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கமாட்டா." எரிந்துபோன காயிலைப் பிரித்து, கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, ஓடாத மோட்டாரை ஓட வைக்கிற மனிதர், தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு கட்டிலருகே போனார். இந்தமுறை மறக்காமல் வலப்பக்கமே போனார். குனிந்து காதில், "அம்மணி, நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். நங்கை பேசவில்லை. கண்ணும் திறக்கவில்லை. ஆனால் வலது கை ஊர்ந்து வந்து அண்ணனின் வலது கையின் விரல்களைப் பிடித்தது. அவர் விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். பிடி இறுகியது. நர்ஸ் சம்மதப் பத்திரத்தை நீட்டியபோதும் அந்தப் பிடி தளரவில்லை. அண்ணன் இடது கையாலேயே, முதன்முதலாக எழுதப் பழகும் பிள்ளைபோலக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

மூளை அப்படி அமுங்கும்போது உள்ளங்கையில் எதைத் தொட்டாலும் கை தானாகவே பற்றிக்கொள்ளும் என்று பின்னால் டாக்டரம்மா பேச்சுவாக்கில் எங்களிடம் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று நான் கேட்டதில்லை.

நங்கை பிழைத்தார். மயக்க மருந்தை நிறுத்தியும் பல நாட்கள் அவர் வெறுமனே கிடந்தார். பிறகு ஒருநாள் காலை, தலையில் கட்டோடு, தொண்டை கரகரக்க, "புள்ளைங்க சாப்புட்டாங்களா?" என்றார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அவர் திரும்பி வந்துவிட்டார் என்று முழுதாகச் சந்தோஷப்படவும் முடியாதபடி அந்த மாதங்கள் இருந்தன. கட்டைப் பிரித்தபோது தலையின் வலப்பக்கம் எலும்பில்லாமல் தோல் மட்டும் புடைத்து நின்றது. கூர்ந்து பார்த்தால் அது துடிப்பது தெரியும். இருமினால் எழும்பும். அந்தப் பக்கம் படுத்துவிடக் கூடாது, எதுவும் பட்டுவிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வீக்கம் வடிய வடியப் புடைப்பு இறங்கி, சமமாகி, பிறகு உள்வாங்கியது. கடைசியில் ஒரு பெரிய கரண்டியால் அள்ளி எடுத்ததுபோலப் பள்ளமாகிவிட்டது. விடுதிப் பெண்கள் பார்க்க வந்தபோது நான் துணியைப் போர்த்தி மறைத்தேன். அப்படியும் ஒரு பெண் வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

எடுத்த எலும்பு எங்கே என்று ஒருநாள் நங்கையே கேட்டார். அப்போது அவருக்குத் தன் உடம்பின் இடது பாதி மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். மறைத்து என்ன செய்வது என்று நானே சொன்னேன். "உங்க வயித்துலதானுங்க இருக்குது. கெட்டுப்போகாம இருக்கட்டும்னு வயித்துத் தோலுக்கு அடியில வெச்சுத் தெச்சிருக்காங்க. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடியும் தலையில வெச்சுருவாங்க." நங்கை வலது கையால் தன் வயிற்றைத் தடவினார். தொப்புளுக்குப் பக்கத்தில், தோலுக்குள் வளைவான ஓடு ஒன்று விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். பாதி முகத்தால் சிரித்தார். "ஒண்ணும் தங்காத வயித்துல கடைசில என் மண்டையவே சுமக்க வெச்சுப்போட்டாங்க பாரு" என்றார். அன்றைக்குத்தான், அத்தனை வருடங்களில் முதல்முறையாக, குழந்தை இல்லாததைப் பற்றி அவர் தானாகப் பேசினார். அந்த எலும்பை எடுத்துத் தலையில் திரும்பப் பொருத்தும் வரைக்கும் தூங்கும்போதும் அவர் கை வயிற்றின்மேலேயே இருக்கும். தூக்கத்திலேயே அவர் அதைத் தட்டிக்கொடுப்பதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஆஸ்பத்திரியின் அந்த மாலையிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரும் என் முன்னால் அயர்ந்து தூங்க முடியாது. நூலகத்தில் மேசைமேல் தலைசாய்த்த மாணவனைத் தட்டி எழுப்பி எதையாவது கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் என் கணவரைக் கூப்பிட்டு, அவர் எரிச்சலோடு பதில் சொன்ன பிறகுதான் மூச்சு விடுவேன். அமைதியான ஒரு முகத்தைப் பார்த்து அழகு என்று நினைக்கும் பாக்கியம் எனக்குப் போய்விட்டது.

இப்போது நங்கை ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது கை மடங்கிப்போய் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. விடுதியைக் கீழ்த்தளத்து நாற்காலியிலிருந்தே நடத்துகிறார். தண்ணீரைக் கேட்டுத்தான் வாங்கிக் குடிக்கிறார். எதற்கு என்னை இப்படி ஆக்கினீர்கள் என்று அண்ணனை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அண்ணன் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்து காத்திருந்து, இப்போதெல்லாம் கொஞ்சம் சிரிக்கிறார்.

என்னிடம்தான் ஒருநாள் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் பச்சைமிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் நான் எழுப்பிக்கொண்டே இருந்த அந்த மதியம் அவருக்கு ஏதாவது நினைவிருக்கிறதா என்று நான் கேட்டேன். நினைவில்லை என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். நங்கை கையிலிருந்த மிளகாயை வைத்துவிட்டார்.

"உம்மேல எனக்கு எத்தனை கோவம் தெரியுமா அம்மணி அப்ப? கூப்புட்டுக் கூப்புட்டுக் கொன்னுபோட்டே. அத்தனை சொகமா இருந்துச்சு."

"எப்புடிங்க சொகமா?"

"அன்னிக்கெல்லாம் எனக்கு எடது பக்கம்னே ஒண்ணு இல்லை. அந்தத் தூக்கத்துல மட்டும் அந்தப் பக்கம் இருந்துச்சு. அங்க ஒருத்தங்க ஒக்காந்திருந்தாங்க. பேசவே இல்லை. சும்மா ஒக்காந்திருந்தாங்க. யாருன்னு பாக்கலாம்னு திரும்பறதுக்குள்ள நீ கூப்புட்டே. மறுக்காத் திரும்புவேன், மறுக்காக் கூப்புடுவே."

"பயமா இல்லீங்களா?"

"பயமா? தெரிஞ்சவங்களாட்டத்தான் இருந்துச்சு" என்றார் நங்கை. பிறகு மிளகாயை எடுத்துக்கொண்டார்.

இடப்பக்கத்தைக் கவனிக்க அவரைப் பழக்க வேண்டும், அதனால் எப்போதும் அந்தப் பக்கத்திலேயே உட்காருங்கள் என்று பயிற்சி கொடுப்பவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் நாற்காலியை இழுத்து நங்கையின் இடது பக்கமாகப் போட்டு உட்காருகிறேன். உடனே கூப்பிடக் கூடாது, அவராகத் திரும்ப வேண்டும். நான் சத்தமில்லாமல் காத்திருப்பேன். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பது அவருக்கு மெல்லத் தெரியவரும். பேச்சு நின்றுவிடும். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அப்போது அவர் முகத்தில் ஒரு ஆவல் வரும். வெகுநாளாகக் காத்திருந்த ஒருவரைப் பார்க்கப்போகும் முகம் அது. எனக்காக அந்த முகத்தை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. கண்கள் கடைசியாக என்மேல் வந்து நிற்கும்.

"நீதானா அம்மணி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.